முற்றுகை என்று நினைத்தேன்

அத்தை கேட்டது ஒரே கேள்விதான். மூன்று வருடமாகியும் அது என்னை விட்டுப் போகவில்லை.

"முப்பது வருஷமாக விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அடுப்புப் பற்றவைக்கிறேன். காய்ச்சல், சளி என்று ஒரு நாள் கடையை மூடியதில்லை. எனக்கு எதிர்ப்பு சக்தி இல்லை என்கிறாளே, அது எப்படிடா?"

அன்று காலை ஓர் உறவுக்காரப் பெண்மணி வந்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு பாட்டில் டானிக், பெயர் ஒட்டாத ஒரு கஷாயப் பொடி, கூடவே ஒரு புத்திமதி: "எதிர்ப்பு சக்தி குறைந்தால்தான் அக்கா இதெல்லாம் வரும். இனிமேலாவது உடம்பைப் பாருங்கள்." அவர் கெட்டவர் இல்லை. அத்தையைப் பார்க்க இரண்டு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர். அவர் பேசும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன், அதுதான் உறுத்துகிறது. இட்லிக் கொப்பரை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அத்தை துணியை நனைத்துத் தட்டில் விரித்தபடியே கேட்டாள். மார்பில் புற்றுக்கட்டி வந்ததைவிட, அது தன் குற்றத்தால் வந்தது என்று யாரோ சொல்லிவிட்டதுதான் அவளை அன்று சுட்டது.

நான் மருத்துவன் இல்லை. நோயியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம் திசு வெட்டியவன். அறுவை அரங்கிலிருந்து ஃபார்மலினில் மிதந்து வரும் சதைத் துண்டை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவி, நாடா போல வருவதை வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி, சாயம் ஏற்றி டாக்டரின் மேசைக்கு அனுப்புவது என் வேலை. படித்துச் சொல்வது அவர் வேலை. ஆனால் இருபத்தாறு வருடம் ஒரே ஜன்னல் வழியாகப் பார்க்கிறவனுக்குத் தெரு கொஞ்சமாவது தெரிந்துவிடும். தெரியும் என்ற அந்த நினைப்பே எனக்கு வில்லங்கமாகவும் போனது.

அத்தையின் பிளாக்கை, அதாவது திசு பதித்த மெழுகுத் துண்டை, வேறொரு டாக்டரிடமும் காட்டிவிடலாம் என்று முடிவானபோது, மருத்துவமனையில் அதைச் சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். அத்தை அதை மஞ்சள் பையில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஒருமுறை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளை மெழுகுக்குள் கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு சாம்பல் நிறத் துண்டு. "இவ்வளவுதானா?" என்றாள். இவ்வளவுதான் அத்தை, என்றேன். ஆயிரக்கணக்கில் அப்படிப்பட்ட பிளாக்குகளை வெட்டியிருக்கிறேன். கையில் வைத்துக்கொண்டு ஒருவர் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பழுப்பு வளையம்

பல வருடங்களுக்கு முன், எங்கள் ஆய்வகத்தில் மேற்படிப்பு படித்த ஒரு மாணவிக்காக மார்பகப் புற்றுத் திசுக்களில் சி.டி.68 சாயம் ஏற்றிக் கொடுத்தேன். வழக்கமான ஊதா, ரோஸ் சாயத்தில் மேக்ரோஃபேஜ் செல்லைப் பிரித்து அடையாளம் காண்பது சிரமம். சி.டி.68 ஏற்றினால் அது மட்டும் பழுப்பாகத் தெரியும். மேக்ரோஃபேஜ் என்றால் பெருந்தீனிக்காரன். கிருமி, செத்த செல், குப்பை, எது வந்தாலும் விழுங்குகிற செல். முதல் ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. நீல உட்கருக்களோடு நெருக்கியடித்து நிற்கும் புற்றுச் செல் கூட்டம், அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள். கோட்டையைப் படை சூழ்ந்து நிற்பது போல. அந்த மாணவியிடம், "பாருங்கள் டாக்டர், எப்படி வளைத்துக்கொண்டு நிற்கிறது" என்றேன். வீட்டில் சாப்பிடும்போதும் சொன்னேன். இத்தனை நாள் புற்றுநோயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம், எதிர்த்து நிற்பவர்களை இன்றுதான் பார்த்தேன் என்று ஒரு பெருமை.

இந்தத் தவறை நான் மட்டும் செய்யவில்லை. வெள்ளையணுக்கள் உடலின் படைவீரர்கள் என்று பள்ளியில் மனப்பாடம் செய்துதான் எல்லோரும் வளர்ந்தோம். அந்தப் படம் பிறந்த கதையே ஒரு முற்றுகைக் கதைதான். 1882இல் இத்தாலியின் மெசினாவில், இலியா மெச்னிகாவ் என்ற விலங்கியலாளர் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சின் உடலுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால், முள்ளைச் சுற்றி நடமாடும் செல்கள் மொய்த்து நின்றன. அதற்காக 1908இல் பால் எர்லிக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். முள்ளைச் சுற்றி நின்றால் அது சண்டைதான், சரி. ஆனால் சுற்றி நிற்பதெல்லாம் சண்டையா? கல்யாண வீட்டிலும் பந்தியைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறதே.

இந்தச் சந்தேகம் எனக்குத் தானாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் வெட்டிய பிளாக்குகளில் பாதிக்கு மேல் அக்குளிலிருந்து எடுத்த நிணநீர்க் கணுக்கள். ஊரில் 'நெறி கட்டியிருக்கிறது' என்பார்களே, அந்த நெறி. நோய் எதிர்ப்பு செல்கள் கூடும் சத்திரமே அதுதான். மார்பகப் புற்று வெளியே கிளம்பினால் பெரும்பாலும் முதலில் போய்த் தங்குவதும் அங்கேதான். அத்தையின் அறிக்கையிலும் 14 கணுக்களில் 2 என்று இருந்தது. படை வீட்டுக்குள்ளேயே எதிரி பாய் விரித்துப் படுத்திருக்கிறான் என்றால் படைக் கதையில் எங்கோ ஓட்டை இருக்கிறது. இத்தனை வருடம் அந்தக் கணுக்களைச் சீவிய எனக்கு அது ஒரு நாளும் உறைக்கவில்லை.

பல் முளைக்காத சுண்டெலிகள்

அத்தையின் கேள்விக்கு ஒரு நேர்மையான பதில் வேண்டும் என்றுதான் படிக்கத் தொடங்கினேன். இரவில், ஆய்வகத்து டாக்டர் ஒருவர் அனுப்பித் தந்த கட்டுரைகளை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பாதி புரியாது. புரிந்த பாதியில் ஒன்று என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே எலைன் லின், ஜெஃப்ரி போலார்ட் முதலியோர் 2001இல் வெளியிட்ட சோதனை அது. கேள்வி எளியது: மேக்ரோஃபேஜ் இல்லாத உடம்பில் மார்பகப் புற்று எப்படி நடந்துகொள்ளும்? அதற்குத் தோதாக ஒரு சுண்டெலி இனம் இருந்தது. அதன் உடம்பில் சி.எஸ்.எஃப்-1 என்ற புரதம் பிறவியிலேயே கிடையாது. மேக்ரோஃபேஜ் பிழைத்திருக்க அந்தப் புரதம்தான் சோறு. அது இல்லாமல் மேக்ரோஃபேஜ்கள் பெரிதும் குறைந்துபோகும். எலும்பைக் கரைத்துச் சீர்செய்யும் செல்களும் அதே வம்சம் என்பதால் இந்த எலிகளுக்கு எலும்பு கெட்டித்துவிடும், பல் ஈறை விட்டு வெளியே வராது. தீவனத்தை மாவாக்கிக் கொடுத்துத்தான் வளர்க்க வேண்டும். இந்தப் பொக்கை வாய் எலிகளை, தவறாமல் மார்பகப் புற்று வரும்படி மரபணு மாற்றிய இன்னோர் இனத்தோடு சேர்த்தார்கள்.

என் கணக்குப்படி என்ன நடந்திருக்க வேண்டும்? காவல்காரன் இல்லாத வீடு. புற்று கட்டுக்கடங்காமல் போயிருக்க வேண்டும். நடந்தது வேறு. கட்டி மற்ற எலிகளுக்கு வந்தது போலவே வந்தது, அதே போல வளர்ந்தது. ஆனால் திசுவைக் கிழித்து ஊடுருவும் முற்றிய நிலைக்குப் போவது தாமதமானது. நுரையீரலுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. பிறகு அந்தப் புரதத்தை மார்பகத் திசுவில் மட்டும் சுரக்கவைத்துப் பார்த்தார்கள். மேக்ரோஃபேஜ் திரும்ப வந்தது. பரவலும் கூடவே வந்தது.

நான் 'வளைத்துக்கொண்டு நிற்கிறது' என்று சொன்ன பழுப்பு வளையம்தான் கண் முன்னால் வந்தது. அதே ஸ்லைடு, அதே பழுப்பு. அது முற்றுகை இல்லை, பயணத்துக்கு ஆள் சேர்ந்து நின்ற இடம்.

அதே கல்லூரியில் ஜான் காண்டீலிஸின் குழு 2004இல் செய்தது இன்னும் நுணுக்கம். உயிரோடு இருக்கும் எலியின் கட்டிக்குள் மெல்லிய ஊசிகளைச் செருகினார்கள். ஊசிக்குள் இ.ஜி.எஃப் என்ற புரதம். புற்றுச் செல்லுக்கு அது குழம்பு வாசனை மாதிரி, மோப்பம் பிடித்து ஊர்ந்து வந்துவிடும். வந்ததை எண்ணிப் பார்த்தபோது ஏறக்குறைய நான்கில் ஒன்று மேக்ரோஃபேஜ். அதற்கு இந்த வாசனையை உணரும் மூக்கே கிடையாது. பிறகு எப்படி வந்தது? புற்றுச் செல் சி.எஸ்.எஃப்-1ஐச் சுரக்கிறது, அந்தச் சோற்றுக்கு மேக்ரோஃபேஜ் பின்னால் வருகிறது. மேக்ரோஃபேஜ் தன் பங்குக்கு இ.ஜி.எஃப்பைச் சுரக்கிறது; அதற்குப் புற்றுச் செல் நகர்கிறது. இரண்டு செய்திகளில் எந்த ஒன்றைத் தடுத்தாலும் இரண்டு செல்களின் நடையும் தளர்ந்துவிட்டது. கொடுக்கல் வாங்கல் என்றால் இது.

உயிருள்ள கட்டிக்குள் மைக்ரோஸ்கோப்பை நுழைத்து அதைப் படமாகவும் எடுத்திருக்கிறார்கள். புற்றுச் செல் பச்சையாக ஒளிரும்படி எலியை உருவாக்கிக்கொண்டு, மேக்ரோஃபேஜ்களுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிய சர்க்கரைப் பொருளைக் கொடுத்தார்கள். எதையும் விழுங்குகிற புத்தி அல்லவா, விழுங்கிவிட்டுச் சிவப்பாகத் திரிந்தன. திசுவைத் தாங்கும் கொலாஜன் இழைகளின் மீது பச்சைகளும் சிவப்புகளும் எறும்புச் சாரி போல ரத்தக் குழாயை நோக்கிப் போகின்றன. குழாய்ச் சுவரை ஒட்டி ஏற்கெனவே சில மேக்ரோஃபேஜ்கள் உட்கார்ந்திருக்கின்றன. புற்றுச் செல் குழாய்க்குள் இறங்குவது அவை இருக்கும் இடத்தில்தான். 2015இல் அதே குழு அந்த இடத்தை இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தது. குழாயோரத்து மேக்ரோஃபேஜ் வி.இ.ஜி.எஃப் என்ற புரதத்தை விடுகிறது, சுவர்ச் செல்களின் பிடி சிறிது நேரம் தளர்கிறது, அந்த இடைவெளியில் புற்றுச் செல் உள்ளே போகிறது, பிறகு சுவர் மூடிக்கொள்கிறது. கதவு எப்போதும் திறந்து கிடப்பதில்லை. ஒருவர் உள்ளிருந்து திறந்துவிட வேண்டியிருக்கிறது.

எலிக் கதை மனிதருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். புற்றுச் செல், மேக்ரோஃபேஜ், ரத்தக் குழாய்ச் செல் ஆகிய மூன்றும் ஒட்டி நிற்கும் இடங்களை மூன்று சாயம் ஏற்றி நோயாளிகளின் திசுவிலேயே எண்ணி, 2009இல் வெளியிட்டார்கள். பிற்பாடு வேறு உறுப்புக்குப் பரவிய 30 பேர், பரவாத 30 பேர். பரவியவர்களின் திசுவில் அந்த மும்முனைச் சந்திப்புகள் கூடுதல். கட்டி எவ்வளவு பெரிது என்பதற்கும் இந்த எண்ணிக்கைக்கும் தொடர்பு தெரியவில்லை. அந்த மூன்று சாயங்களில் ஒன்று சி.டி.68. நானும் ஏற்றியிருக்கிறேன், அந்தப் பழுப்பைத்தான்.

வேலியே பயிரை மேய்ந்ததா?

இதை ஆய்வக நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "வேலியே பயிரை மேய்கிறது என்கிறீர்கள்" என்றார். கேட்டவுடன் பொருத்தமாகத்தான் பட்டது. இரண்டு நாள் யோசித்ததில் அந்தப் பழமொழி எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. அதில் துரோகம் இருக்கிறது. படைவீரன் என்பதை எடுத்துவிட்டுக் கட்சி மாறியவன் என்று போட்டால், மறுபடியும் பழி அந்த உடம்பின் மேல்தான் விழுகிறது. மேக்ரோஃபேஜ் இங்கே செய்வதெல்லாம் அதற்குப் பழகிய வேலை. பெண் சுண்டெலி பருவமெய்தும்போது மார்பகக் குழாய்கள் கொழுப்புக்குள் கிளை விட்டு வளர வேண்டும். அந்த நுனிகளைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் நிற்கின்றன. அவை இல்லாத பொக்கை வாய் எலிகளில் குழாய்கள் சரியாகக் கிளைப்பதில்லை. பால் மறக்கடித்த பிறகு வேண்டாத செல்களை அப்புறப்படுத்துவதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. காயம் பட்டால் குப்பை அள்ளுவது, புது ரத்தக் குழாய் வரவழைப்பது, செல்களை நகரவைத்து இடைவெளியை மூடுவது எல்லாம் இவை பார்க்கும் வேலைகளே. இதைப் போர்வீரன் என்று யார் சொன்னது? கொத்தனார் என்று சொல்லியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

1986இல் ஹெரால்ட் டுவோராக் என்ற நோயியல் அறிஞர், கட்டிகள் ஆறாத புண்கள் என்று எழுதினார். தமிழில் 'ஆறாத புண்' என்றால் அதற்குள் ஒரு வாழ்க்கையே இருக்கும். அவர் சொன்னது நேரடி அர்த்தத்தில். புண்ணுக்கு உடம்பு எதையெல்லாம் அனுப்புமோ, அதையெல்லாம் கட்டிக்கும் அனுப்புகிறது. புண் ஆறினால் ஆட்கள் கலைந்துவிடுவார்கள். இது ஆறுவதில்லை, ஆட்களும் கலைவதில்லை. கட்டிக்குள் வெள்ளையணுக்கள் இருப்பதை 1863இலேயே ருடால்ஃப் விர்ஹோ பார்த்துவிட்டு, அழற்சிக்கும் புற்றுக்கும் தொடர்பு இருக்கும் என்று ஊகித்தார். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் எல்லோர் கண்ணும் புற்றுச் செல் மேலேயே இருந்தது. ஸ்லைடைப் பார்க்கிறவன் என்ற முறையில் அதை நம்புவது எனக்குக் கஷ்டமில்லை.

கொல்லுகிறவர்களும் இல்லாமல் இல்லை. கொல்லும் டி செல், என்.கே. செல் இரண்டும் புற்றுச் செல்லைக் கண்டால் தீர்த்துவிடும். ஹார்மோன் ஏற்பிகள் இரண்டும் ஹெர்-2 புரதமும் தென்படாத டிரிப்பிள் நெகட்டிவ் வகை மார்பகப் புற்றில், கட்டிக்குள் இந்த லிம்போசைட் வகை வெள்ளையணுக்கள் நிறைய இருந்தால் நோயாளிக்கு நல்லது என்பது உறுதியாகவே தெரிந்திருக்கிறது. அந்தச் செல்களைக் கட்டிப்போடும் பூட்டுகளைக் கண்டுபிடித்ததற்குத்தான் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல். அந்த வழியில் வந்த பெம்ப்ரோலிசுமாப் மருந்துக்கு, பரவும் அபாயம் அதிகமுள்ள ஆரம்ப நிலை டிரிப்பிள் நெகட்டிவ் நோயில் 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அத்தையுடையது ஹார்மோன் ஏற்பி உள்ள 'ஹார்மோன் பாசிட்டிவ்' வகை, அந்த மருந்து அவளுக்கு எழுதப்படவில்லை. ஆக ஒரே உடம்பில் ஒரு வெள்ளையணு கொல்ல வருகிறது, இன்னொன்று வழி திறக்கிறது. மூன்றாவது ஒன்று முதலாவதன் கையைப் பிடித்துக்கொள்கிறது. மார்பகப் புற்றுள்ள சுண்டெலிகளில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் பெருகி, கொல்லும் டி செல்களை அடக்கிப் பரவலுக்கு வழிவிட்டதை 2015இல் ஆம்ஸ்டர்டாமில் காட்டினார்கள். 2019இல் சுவிட்சர்லாந்தின் பாசெலில், நோயாளிகளின் ரத்தத்தில் மிதக்கும் புற்றுச் செல்களில் சில நியூட்ரோஃபிலோடு ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்தார்கள். துணையோடு போனவை தனியாகப் போனவற்றைவிடச் சுறுசுறுப்பாகப் பெருகின. நியூட்ரோஃபில்தான் நம் ரத்தத்தில் அதிகமாக இருக்கும் வெள்ளையணு. டானிக் பாட்டில் கொண்டுவந்தவரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது: எந்தச் சக்தியைக் கூட்டச் சொல்கிறீர்கள் அம்மா?

குறைத்துவிடலாம் என்று கிளம்பினாலும் எளிதில்லை. ரத்தத்திலிருந்து மோனோசைட்டுகளை வரவழைக்கும் அழைப்பு சி.சி.எல்.2. மோனோசைட்தான் பிறகு மேக்ரோஃபேஜாக மாறும். அந்த அழைப்பைத் தடுத்தால் எலிகளின் நுரையீரலில் புற்று குடியேறுவது குறைகிறது என்று போலார்ட் குழு 2011இல் கண்டது. சந்தோஷம்தான். ஆனால் தடுப்பு மருந்தை நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று பாசெலில் ஒரு குழு பார்த்தது. எலும்பு மஜ்ஜையில் தேங்கிக் கிடந்த மோனோசைட்டுகள் மதகு திறந்தது போல வெளியேறின. பரவல் முன்பைவிட வேகமெடுத்தது, எலிகள் சீக்கிரம் செத்தன. அது 2014. சி.எஸ்.எஃப்-1ஐ உணரும் மூக்கை, அதாவது அதன் ஏற்பியை, தடுக்கும் பெக்சிடார்டினிப் என்ற மாத்திரைக்கு 2019இல் அனுமதி கிடைத்ததும் மூட்டில் வரும் ஓர் அரிய கட்டிக்குத்தான், மார்பகப் புற்றுக்கு இல்லை. பாத்திரத்தில் தண்ணீர் குறைந்தால் ஊற்றவும் கூடினால் இறைக்கவும் இது குடத்து விவகாரம் இல்லை.

அத்தைக்குச் சொன்னது

இதில் எதை அத்தையிடம் சொல்வது? கடை மூடிய ஒரு மத்தியானம், வாசல் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். படை என்று சொல்லவில்லை. உடம்புக்குள் கொத்தனார், சித்தாள், குப்பை அள்ளுகிறவர் என்று நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். உனக்கு அவர்கள் குறைவாக இல்லை, நிறையவே இருந்தார்கள். கட்டி அவர்களுக்குச் சோறு போட்டது, அவர்கள் அதற்கு வேலை செய்தார்கள் என்றேன். சுண்டெலிக்குப் பல் முளைக்காத கதையையும் சொன்னேன். அதற்குத்தான் அதிகம் பரிதாபப்பட்டாள்.

"படியளக்கிறவன் பின்னால்தானே போவான்" என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "அப்படியென்றால் அவள் சொன்னது பொய்."

பொய் என்று சொல்ல முடியாது, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், என்றேன். அத்தைக்கு அந்தச் சமாதானம் பிடிக்கவில்லை. "உனக்கும்தான் அன்றைக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டுதானே இருந்தாய்" என்றாள். பார்த்திருக்கிறாள்.

கீமோவில் உதிர்ந்த முடி மறுபடி வளர்ந்து, காது மறையும் அளவுக்கு வந்துவிட்டது. தினமும் ஒரு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. கடை இப்போது ஐந்தரைக்குத்தான் திறக்கிறது. அதைப் பற்றி வாடிக்கையாளர்களைவிட அவளே அதிகம் வருத்தப்படுகிறாள். டானிக் பாட்டில்கள் மூடி திறக்காமல் பரணில் இருக்கின்றன. கொண்டுவந்தவர் அடுத்த முறை வந்தால் மனம் கோணும் என்று தூக்கிப்போடவும் விடவில்லை. பிளாக் திரும்பி வந்ததும், ஆய்வகத்திலேயே பத்திரமாக வைத்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று வாங்கி, உறையோடு ரேஷன் கார்டுக்குக் கீழே டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். வெயில் காலத்தில் மெழுகு உருகிவிடாதா என்று மட்டும் கேட்டாள். உருகாது, அதற்கு ஐம்பத்தைந்து, அறுபது டிகிரி சூடு வேண்டும் என்றேன். இருந்தாலும் சித்திரை பிறந்ததும் பெட்டியை அடுப்படிப் பக்கத்திலிருந்து நகர்த்தி, உள் அறைக்குக் கொண்டுபோய்விட்டாள்.